சாவுச் சங்கத்து வேன்

எங்கள் தோட்டத்தில் சாவதற்கு எல்லோரும் தயாராக இருந்தார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. மரண உதவிச் சங்கம் என்று ஒன்று, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு குடும்பமும் சந்தா கட்டிவிடும். யாராவது கண்ணை மூடினால், செய்தி வரிசை வீடுகளின் கடைசி லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சங்கத்தின் தகரக் கொட்டகை வாசலில் எழும்பி நிற்கும். நாற்காலிகள் வரும், பெரிய தேநீர்க் கேத்தல் வரும், பெட்டி வாங்க டவுனுக்கு ஆள் போகும். வீட்டுக்காரர்களுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. வாயில் நுழையும் பெயர் 'சாவுச் சங்கம்'தான். முழுப் பெயரை ரப்பர் முத்திரையில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சங்கத்தின் தலைவர் என் சித்தப்பா. தேயிலையும் ரப்பரும் உள்ள எங்கள் தோட்டத்தில் ரப்பர் மலையில் பால் வெட்டுபவர். தோட்டத்தில் தொழிற்சங்கங்கள் பிரிந்தன, கோயில் கமிட்டி பிரிந்தது, இளைஞர் கழகத்தின் கிரிக்கெட் மட்டை எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. சாவுச் சங்கத்தில் மட்டும் ஒரு சதம் பிசகியதில்லை. அதற்குக் காரணம் சித்தப்பா என்று ஊர் சொல்லும். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது பல்கலைக்கழகம் முடித்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். சும்மா காத்திருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. தோட்டங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். இரத்தினபுரியில் பயிற்சி கொடுத்தார்கள். படம் போட்ட பெரிய தாள்களைச் சுருட்டி ஒரு கட்டும் கொடுத்தார்கள். தலைப்பு, 'குடும்ப வரவு செலவும் ஆரோக்கிய வாழ்வும்'. முதல் தாளில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், 'உங்கள் பணம் உங்கள் கையில், உங்கள் ஆரோக்கியமும் உங்கள் கையில்.' எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. நான் படித்து மேலே வந்ததெல்லாம் என் கையால்தானே என்ற எண்ணம் அதற்குள் இருந்திருக்கலாம்.

வகுப்பு பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. ஞாயிற்றுக்கிழமையில் காலியாக இருக்கும். குட்டி நாற்காலிகளில் பெண்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"சேமிப்புன்னா என்னா?" என்று ஆரம்பித்தேன்.

"செலவு போக மிச்சம் வைக்கிறது" என்றார் ஒரு அக்கா.

"மிச்சம் வந்தா சொல்லி அனுப்புங்கடி, நானும் வந்து ஒருக்கா பாத்துட்டுப் போறேன்" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

"சாவுச் சங்கத்துக்கு மாசாமாசம் கட்டுறோமே பாப்பா, அது என்னா?"

"அதுவும் ஒருவகையில சேமிப்புத்தான்."

"அப்ப நாங்க பாஸ். அடுத்த படத்தைக் காட்டு."

அடுத்த படம் சாப்பாட்டுத் தட்டு. பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ. தட்டைவிட அதன் விளிம்பிலிருந்த பூ வேலைப்பாடுதான் அதிகம் பேசப்பட்டது. சீனியைக் குறைக்க வேண்டும் என்று சொன்னபோது மட்டும் வகுப்பே என் மேல் பாய்ந்தது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணீர் குடிப்பது எங்கள் பழக்கம். "வெறும் சாயத்த குடிச்சிட்டு அந்த ஏத்தத்துல ஏறிப் பாரு, அப்பறம் வந்து படம் காட்டு" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். நானும் விடவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு வாரத்துச் சீனியை அளந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு பேர் அளந்தும் பார்த்தார்கள். அந்தப் படங்களில் பொய் எதுவும் இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

எல்லோரும் கலைந்த பிறகு சின்னம்மா மட்டும் தாள்களைச் சுருட்ட உதவுவதுபோல நின்றார்.

"எல்லாருக்கும் படம் காட்டுறியே, ஒங்க சித்தப்பா கால ஒருக்கா வந்து பாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

எங்கள் பக்கத்து மழைக்கு அட்டைகள் புல்லுக்குப் புல் நிமிர்ந்து நிற்கும். பால் வெட்டப் போகிறவர்கள் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வார்கள், சுண்ணாம்பை மடியில் வைத்துக்கொள்வார்கள். சுண்ணாம்பு பட்டால் அட்டை சுருண்டு விழுந்துவிடும். கடித்த இடம் கொஞ்சநேரம் இரத்தம் விட்டு, அரித்து, ஆறிவிடும். யாரும் அதை ஒரு சங்கதியாக எடுப்பதில்லை. சித்தப்பாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பல வருடமாக இருந்தது. காலில் உணர்வு குறைந்துபோய், அட்டை கடித்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் இரத்தத்தைப் பார்த்திருக்கிறார். அந்தக் கடி ஆறவில்லை. அட்டையையே சுருட்டுகிற சுண்ணாம்பு புண்ணைச் சுருட்டாதா என்று நினைத்து, அதன்மேல் அப்பிவிட்டார். சுண்ணாம்பு தோலைத் தின்றது. அவருக்கு எரியவில்லை. எரியாததால், குணமாகிறது என்று எடுத்துக்கொண்டார்.

தோட்டத்து மருந்துசாலையில் புண்ணைக் கழுவிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கிளினிக் நாட்களில் தவறாமல் வந்து மருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சித்தப்பா கொஞ்சநாள் போனார். பிறகு நிறுத்திவிட்டார்.

நான் போனபோது காலை ஒரு பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் அடியோடு கறுத்திருந்தது.

"ஏன் சித்தப்பா போகல?"

"போனா அன்னைக்குப் பேரு இல்ல." பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் வேலை, வருகைப் பதிவான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. "சந்திக்கு எறங்கி ஏற ஆட்டோவுக்கு இன்னொரு பேரு. ஒரு கட்டு கட்ட ரெண்டு பேரு போயிருது."

"கால் போனா எத்தன பேரு போகும்னு கணக்குப் பாத்தீங்களா?"

"நீதானே புள்ள படம் காட்டிட்டுத் திரியுற, அவனவன் ஒடம்பு அவனவன் கையிலன்னு. நான் என் கையாலயே மருந்து வச்சிக்கிறேன்."

"வைக்கிறாரு" என்றார் சின்னம்மா அடுப்படியிலிருந்து. "வெத்தலைக்கு வச்சது போக மிச்சச் சுண்ணாம்ப."

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஏறிய ஆட்டோ வாடகை வரிசை போன பிறகும் இறங்கவில்லை. எங்கள் பாதையில் ஏற மறுக்கும் ஆட்டோக்காரர்களும் இருந்தார்கள். சித்தப்பா சொன்ன கணக்கில் பிழை இல்லை. அன்று இரவு என் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். தட்டு இருந்தது, உண்டியல் இருந்தது, உடற்பயிற்சி செய்யும் அம்மா இருந்தார். பாதை எதிலும் இல்லை.

மறுநாள் தோட்டக் காரியாலயத்துக்குப் போனேன். நலன்புரி உத்தியோகத்தர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த சிங்களப் பையன், தமிழ் நன்றாகப் பேசுவார். உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டார். தோட்டத்து வாகனம் பிரசவத்துக்கும் வேலையில் நடக்கும் விபத்துக்கும்தான் என்றார்.

"வேலை செய்யும்போதுதானே அட்டை கடிச்சிச்சு? அப்ப அது வேலை விபத்துத்தானே?"

அவர் என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அட்டை கடிச்சதெல்லாம் விபத்துன்னா நங்கி, மழை பேஞ்ச அன்னைக்கு முழுத் தோட்டத்தையும் ஆஸ்பத்திரிக்கு ஏத்தணும். மொதல்ல என்னய ஏத்தணும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது; அதில்தான் கோபமும் வந்தது. சுகாதாரம் இப்போது அரசாங்கத்தின் பொறுப்பு, அங்கே கேட்டுப் பாருங்கள் என்றார். அரசாங்கச் சுகாதார அலுவலகத்தில் கேட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, ஆளைக் கொண்டுவருவது எப்படி எங்கள் பொறுப்பாகும், அதுவும் பாதை தோட்டத்தினுடையது என்றார்கள். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பிரதேச சபைக்குப் போனேன். கடிதம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். போன இடத்திலெல்லாம் தேநீர் கிடைத்தது.

திரும்பி வரும்போது சந்தியில் ஒரு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் கீழ்க் கிராமத்துச் சிங்கள மாமா. போனில் சின்னம்மாவிடம் நான் புலம்பியதை அரைகுறையாகக் கேட்டிருப்பார்போல. பாதி தமிழ், பாதி சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"அபே சமித்தியவுல ஆஸ்பத்திரில படுத்தாலும் சல்லி குடுக்குறது நங்கி. செத்த பொறகு குடுத்து என்னா செய்ய? செத்த மனுசனுக்கு எண்ணவா தெரியும்?"

சமித்திய என்றால் சங்கம். அவர்கள் கிராமத்திலும் சாவுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது உயிரோடிருப்பவர்களுக்கும் கொடுக்கும் என்பது தெரியாது.

"ஒங்க சமித்தியவுல இல்லியா?"

"இல்ல மாமா."

"ஏய்?" என்றார், ஏன் என்று கேட்கும் சிங்களச் சொல். அந்தக் கேள்வியோடுதான் வீட்டு வாசலில் இறங்கினேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அப்பாவின் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். கூட்டம் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். சித்தப்பா மேசைக்குப் பின்னால், காலில் துணி சுற்றி, ஒரு காலில் சப்பாத்தும் மற்றதில் செருப்புமாக. சந்தா வாங்கி முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். கிளினிக்குக்குப் போகிற அங்கத்தவருக்கு வாகனச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சாவுக் காசுல ஆஸ்பத்திரிக்குப் போறதா? போனவன் திரும்பி வருவானா?"

"அந்தக் காசத் தொட்டா வீட்டுல எழவு விழும் பாப்பா. வெளையாடாத."

"காய்ச்சல், இருமலுக்கெல்லாம் வேன் கேப்பாங்க. அப்பறம் பெட்டி வாங்க காசு இருக்காது. பாயில சுத்தித்தான் தூக்கணும்."

கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், வாசித்தேன். ஆளுக்கு ஆள் காசு கொடுப்பதற்குப் பதிலாகக் கிளினிக் நாளில் ஒரே வேன், போக வேண்டியவர்கள் எல்லோரும் ஒன்றாக ஏறினால் செலவு எவ்வளவு குறையும் என்று காட்டினேன். தலைகள் மெல்ல ஆட ஆரம்பித்தன. சித்தப்பா மேசையில் தட்டினார்.

"இது சாவுச் சங்கம். சட்டத்துல அப்பிடி இல்ல. அடுத்த விசயத்துக்குப் போவோம்."

"சட்டத்த மாத்தலாம்ல தலைவரே?" என்றார் செயலாளர். அவரும் பால் வெட்டுபவர்தான், சித்தப்பாவின் பக்கத்து மலை.

"மாத்தலாம். நான் இருக்கும்போது மாத்த மாட்டேன்."

அப்போதுதான் சின்னம்மா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீங்க செத்தா இந்தச் சங்கம் என் வாசல்ல கொட்டகை போடும். நாற்காலி போடும். வாரவன் போறவனுக்கெல்லாம் சீனி போட்டு டீ குடுக்கும். எனக்கு எதுக்கு அந்த டீ? அந்தக் காசுல ஒங்கள ஒரு வேன்ல ஏத்துனா, நீங்களே வீட்டுல உக்காந்து டீ குடிப்பீங்கள்ல?"

யாரோ சிரித்து, உடனே அடக்கினார்கள். சித்தப்பாவின் முகம் சுருங்கியது.

"அதுக்குத்தான் மாட்டேங்கிறேன்" என்றார் மெதுவாக. "என் காலு கெட்டுக் கெடக்குது. இன்னைக்கு நான் சட்டத்த மாத்துனா, தலைவன் தன் காலுக்காக மாத்துனான்னு நாளைக்குப் பேசுவீங்க. இத்தன வருசத்துல ஒருத்தன் என்னய அப்பிடிச் சொன்னதில்ல. வேற ஒருத்தன் காலா இருந்தா மொதக் கை என்னோடதுதான்."

 சீனியும் பணமும் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மனுசன் தன் பேரைக் காப்பாற்றக் காலைக் கொடுக்கத் தயாராக இருந்தால் என்ன படத்தைக் காட்டுவது?

செயலாளர்தான் வழி பண்ணினார். "அப்ப கால் சொகமாகிற வரைக்கும் கீழ எறங்கி உக்காருங்க தலைவரே. ஒங்க கையும் வேணாம், ஒங்க வாயும் வேணாம். நாங்க பேசிக்கிறோம்."

கூட்டம் சித்தப்பாவைப் பார்த்தது.  அவர் மேசையைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டு வந்து, ஆண்கள் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்தார். காசாக யாருக்கும் கொடுப்பதில்லை, கிளினிக் நாளில் வேன் மட்டும், பெட்டிக்கும் கொட்டகைக்கும் வேண்டியதை ஒதுக்கி வைத்த பிறகே மற்றது என்று தீர்மானமானது. எழவு விழும் என்று சொன்னவர் கை தூக்கவில்லை. சித்தப்பாவும் தூக்கவில்லை.

கிளினிக் நாள் காலையில் வேன் வந்து லயத்து முனையில் நின்றது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு தங்கச்சி ஏறினாள், கண்ணுக்கு மருந்து விடுகிற தாத்தா ஒருவர் ஏறினார், இருமலோடு ஒரு அக்கா. சித்தப்பா வாசலில் நின்றார். உடுப்புப் போட்டிருந்தார், ஆனால் நகரவில்லை. சட்டத்தை மாற்றியதும் முதல் வேனிலேயே ஏறினான் என்ற பேச்சுக்கு அவர் இன்னும் பயந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. நான் போய் இழுத்திருப்பேன். சின்னம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் போய் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்குப் பிரஷர் பாக்கணும்" என்றார் வெளியே பார்த்து. "அங்க எல்லாம் சிங்களத்துல கேப்பாங்க. எனக்கு ஒழுங்கா வராது. யாராச்சும் கூட வந்து பேசணும்."

மீன்காரனிடம் சிங்களத்தில் பேரம் பேசி அவனை அழவைத்து அனுப்புகிறவர் என் சின்னம்மா. வேனுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. தாத்தா மட்டும், "எனக்கும் வராது, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று சேர்த்துக்கொண்டார். அவர் கீழ்ச் சிங்களக் கிராமத்திலேயே பெண் எடுத்தவர்.

சித்தப்பா நின்று யோசித்தார். "பேசத் தெரியாதவங்கள தனியா அனுப்ப ஏலாதுதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினார்.

அன்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு கிளினிக் தவறியிருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்று டொக்டர் சின்னம்மாவிடம் சொன்னார். சிங்களம் வராது என்று வந்தவர் ஒரு சொல் விடாமல் கேட்டு, மருந்து, சாப்பாடு, செருப்பு என்று வரிசையாகக் கேள்வியும் கேட்டார். வார்டுக்குப் பார்க்கப் போன செயலாளர், "விரல் போயிருச்சு, கொட்டகை போடுறதா வேணாமான்னு சட்டத்துல இல்லியே தலைவரே" என்றார். சித்தப்பா சிரித்ததில் கட்டில் ஆடியது. பக்கத்துக் கட்டில்காரர் என்னவென்று கேட்க, அவருக்கும் சிங்களத்தில் விளக்கிச் சொன்னார்.

புண் ஆறியது; சீனிக்குக் கிளினிக் போவது மட்டும் நிற்கவில்லை. சீனியைக் குறைத்தாரா என்று கேட்டால், உள்ளங்கையில் வைப்பதை விட்டுவிட்டு விரல் நுனியால் தொட்டுக்கொள்கிறார். பால் வெட்டப் போகும்போது கணுக்கால் மூடிய சப்பாத்துப் போடுகிறார். அதை அவருடைய பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். தலைவர் நாற்காலிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வரவில்லை. ஆனால் கடைசி வரிசையிலிருந்து பேசுவதை நிறுத்தவுமில்லை.

வேன் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு புதுச் சிக்கல் வந்தது. மழை பெய்தால் பாதையின் மேல் வளைவில் வேனின் சில்லு சேற்றில் புதையும். வேன்காரர் இன்னும் இரண்டு மழைக்கு மேல் இந்தப் பாதையில் வரமாட்டேன் என்றார். அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, எல்லோரும் கூலியில்லாமல் சேர்ந்து சிரமதானம் வைப்போம், சங்கக் காசில் கல்லும் சீமெந்தும் வாங்கி அந்த வளைவைப் போட்டுவிடுவோம் என்றேன். நிறையப் பேர் தலையாட்டினார்கள். நாமே செய்து முடிப்பதில் ஒரு சந்தோஷம் வந்திருந்தது எல்லோருக்கும்.

"கூடாது" என்றார் சித்தப்பா.

"ஏன் சித்தப்பா? யாரும் செய்யலன்னா நாமதானே செய்யணும்?"

"என் காலுக்கு நான் சுண்ணாம்பு வச்சது என் முட்டாத்தனம். அதுக்கு எவனையும் கேக்க ஏலாது. வேன் வச்சது நம்ம எல்லாரும் சேந்து. சரி. ஆனா அந்தப் பாதையில நாம மட்டுமா போறோம்? கொழுந்து லொறி போகுது, ரப்பர் பால் பவுசர் போகுது, தோட்டத் தொரை, சின்னத்தொரை ஜீப்பெல்லாம் போகுது. நாம போட்டோம்னா இனி எந்தக் காலத்துலயும் அவங்க போட மாட்டாங்க. நம்ம சாவுக் காசுல அவங்க லொறி ஓடும்."

"அதுவரைக்கும் வேன் பொதஞ்சா?"

"தள்ளுவோம். தள்ளுறதுக்குச் சல்லி வேணாம்."

சிரிப்பும் வாக்குவாதமுமாக நெடுநேரம் போனது. முடிவில் பாதைக்குச் சங்கக் காசு இல்லை என்றும், தோட்டத்துக்கும் பிரதேச சபைக்கும் எல்லாக் குடும்பங்களும் கையெழுத்துப் போட்ட கடிதம் போக வேண்டும் என்றும் தீர்மானமானது. சிங்களத்தில் நான் எழுதினேன். எழுதும்போதே அடுத்த வகுப்புக்கான ஒரு தாளும் மனதில் ஓடியது: யார் எதற்குப் பொறுப்பு என்று மக்களே பிரித்துப் பார்க்கும் ஒரு பயிற்சி. நிறுவனத்துக்கு அனுப்பினேன். நல்ல யோசனை, பிறகு பார்ப்போம் என்று பதில் வந்தது. அனுமதிக்குக் காத்திருக்காமல் என் தோட்டத்தில் அதை நடத்திவிட்டேன். சண்டை வந்தது, நல்ல சண்டை.

கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கிளினிக் நாள் வந்தது, அதற்கு முந்தின நாள் முழுக்க மழை. மேல் வளைவில் வேன் அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். இருமல் அக்கா, கண் தாத்தா, சின்னம்மா, நான். வயிற்றுப் பிள்ளைக்காரியை ஓரத்தில் நிற்கவைத்தோம். மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கொழுந்துப் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள்.

சித்தப்பாவும் கதவைத் திறந்தார்.

"காலைக் கீழ வச்சீங்கன்னா தெரியும்" என்றார் சின்னம்மா, சேற்றில் நின்றுகொண்டு.

கதவு மூடியது. கண்ணாடி இறங்கியது. தலையை வெளியே நீட்டி, இடது பக்கம் கல் வை, சில்லைத் திருப்பு, எல்லாரும் ஒண்ணாத் தள்ளு, சின்னத்தொரை வாரான், பாதை கெடக்குற லெச்சணத்த அவன் பாக்கட்டும், இன்னும் கொஞ்சம் மெதுவாத் தள்ளு என்று அவர் அங்கிருந்தே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.